தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, கில்லி மீன் மட்டும் வெளுத்துக் கிடக்கிறது: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

போன ஐப்பசியில் என் அக்கா மகன் பாகூர் பக்கம் வயல் வாய்க்காலில் கைவலை போட்டு ஒரு டஜன் பஞ்சாக்ஸ், அதாவது நம் ஊர்க் கில்லி மீன், பிடித்துக்கொண்டு வந்தான். பெயிண்ட் வாளியில் பழுப்புத் தண்ணீர், மேலே இரண்டு வைக்கோல், உள்ளே குனிந்து பார்த்தால் ஒவ்வொரு தலையிலும் இருக்கும் அந்த வெள்ளிப் புள்ளி மட்டும் தெரிந்தது, உடம்பே தெரியவில்லை. ஒன்றைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்று பார்த்தோம். செதில் செதிலாகப் பச்சையும் பொன்னும் மினுங்க, துடுப்பின் ஓரத்தில் மஞ்சள் கோடு ஓட, இரண்டு அங்குலம்கூட இல்லாத மீன் அப்படி ஒரு அழகு. பையனுக்குத் தாங்கவில்லை, ஹாலில் இருக்கும் தொட்டியில்தான் விடவேண்டும் என்று அடம். அந்தத் தொட்டியில் வெள்ளைக் கல், மேலே பளீரென்ற விளக்கு, தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிவு. மத்தியானம் விட்டோம். சாயங்காலம் டியூஷன் முடிந்து வந்தவன் தொட்டியைப் பார்த்துவிட்டு, "மாமா, மீனை மாத்திட்டீங்களா?" என்றான். மாற்றவில்லை. ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை, பன்னிரண்டும் வெந்த சோறு மாதிரி இருந்தன.

கில்லி வளர்க்கிற பலர் இந்த இடத்தில்தான் கலர் தீனி வாங்க ஓடுகிறார்கள். ஓட வேண்டாம். தண்ணீரின் தெளிவுக்கும் மீனின் நிறத்துக்கும் உறவு உண்டு, ஆனால் 'தெளிவு கூடினால் நிறம் கூடும்' என்கிற நேர்க்கணக்கு அதில் கிடையாது. பல சமயம் தலைகீழ்தான். அதனால் உங்கள் தொட்டியில் எந்த அறிகுறி இருக்கிறதோ அந்த இடத்துக்குப் போய்ப் படியுங்கள், ஆனால் அதற்கு முன் கீழே உள்ள சோதனையை மட்டும் எல்லோரும் செய்துவிடுங்கள்.

(பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கில்லி என்றதும் கொல்லும் மீனா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சிற்றோடையைக் குறிக்கும் 'கில்' என்ற டச்சுச் சொல்லில் இருந்து வந்த பெயர் என்பார்கள். ஓடை மீன், அவ்வளவுதான். மலையாளத்தில் நம் பஞ்சாக்ஸ் மீனுக்கு மானத்துக்கண்ணி என்று பெயர். வானத்தைப் பார்த்தபடியே மேல்மட்டத்தில் நிற்கும் மீனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை.)

முதலில் வெள்ளைக் கப், அப்புறம் ஜாடி

ஒரு வெள்ளைப் பீங்கான் கப்பில் தொட்டித் தண்ணீரை மொண்டு வெளிச்சத்தில் வையுங்கள். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், அதில் எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரிதான் தெரியும். பக்கத்தில் அதே மாதிரி கப்பில் குழாய்த் தண்ணீர். இப்போது பாருங்கள்: டிகாஷன் மாதிரி பழுப்பாக, ஆனால் அடி தெளிவாகத் தெரிகிறதா? அது சாயம். அடியே மங்கலாக, பால் ஊற்றினாற்போல இருக்கிறதா? அது பாக்டீரியா. பச்சையா? மிதக்கும் பாசி. மண் நிறத்தில், ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்தால் அடியில் படிகிறதா? அது கலங்கல், வண்டல் அல்லது இரும்பு. இந்த நான்கையும் நாம் 'தண்ணி சரியில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். மீனின் நிறத்தைப் பொறுத்தவரை இவை நான்கும் நான்கு வெவ்வேறு சங்கதிகள். சாயம் வெளிச்சத்தின் நிறத்தை மாற்றும், கலங்கல் வெளிச்சத்தைச் சிதறடிக்கும், பாக்டீரியா மீனின் உடம்பையே கெடுக்கப்போகிற ஒன்றுக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம்.

அடுத்தது மீன். ஒரு ஆண் மீனை அதே தொட்டித் தண்ணீரோடு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்து, பின்னால் ஒரு கறுப்புத் துணியை வைத்து, ஜன்னல் வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருந்து மீன்மேல் விழும்படி வையுங்கள். அரை மணி நேரம் விடுங்கள், மேலே கண்டிப்பாக மூடி. எடுத்த உடனே பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது, பயத்தில் எந்த மீனும் வெளுக்கும். அரை மணி கழித்து நிறம் தெரிந்தால் மீனில் கோளாறு இல்லை, தொட்டியின் வெளிச்சத்திலும் அடித்தளத்திலும்தான் கோளாறு. பாட்டிலிலும் வெளுப்புதான் என்றால் தீனி, நோய், வயது, இந்த மூன்றில் ஒன்று.

வெளிச்சம் ஏன் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும் என்றால், பஞ்சாக்ஸின் அந்தப் பச்சையும் நீலமும் சாயப் பொருளால் வருவதில்லை. தோலில் உள்ள குவானின் தகடுகளில் பட்டு ஒளி திரும்புவதால் வருகிறது, மயில் கழுத்து மாதிரி. விளக்கு மீனுக்குப் பின்னால் இருந்தால் எவ்வளவு நல்ல மீனும் சாம்பல் குச்சிதான். 'போட்டோவில் கலரே வரவில்லை' என்கிற புகாரில் பாதி இதில் முடிந்துவிடும்.

தண்ணீர் பளிங்கு, மீன் வெளுப்பு

எங்கள் ஹால் தொட்டியில் நடந்தது இதுதான். மீன் தோலில் கறுப்பு நிறமிச் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்லுக்குள் நிறமித் துகள்கள் பரவி நின்றால் மீன் கறுக்கும், நடுவில் சுருங்கிக் குவிந்துவிட்டால் வெளுக்கும். கீழே இருக்கும் தரை வெளிறியதா கறுத்ததா என்று கண் பார்த்துச் சொல்ல, நரம்பும் ஹார்மோனும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன, நிமிடக் கணக்கில் முடிந்துவிடும். கொக்கு மேலே நிற்கிற வாய்க்காலில் வெள்ளை மணலின் மேல் கறுப்பாக நின்றால் மீனின் கதி என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். வெள்ளைக் கல்லைப் பார்த்ததும் பஞ்சாக்ஸ் வெளுக்கிறது என்றால் அது ஒழுங்காக வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். இதையே வாரக்கணக்கில் வெள்ளைத் தரையில் வைத்திருந்தால் கறுப்புச் செல்களின் எண்ணிக்கையே குறையத் தொடங்கும், அப்போது திரும்பி வருவதற்கும் வாரங்கள் ஆகும். கறுப்பு குறைந்தால் பச்சை ஏன் போகிறது என்று கேட்கலாம். பின்னால் கறுப்புத் திரை இல்லாவிட்டால் மினுக்குத் தகடுகளில் இருந்து திரும்பும் நிறம், உள்ளிருந்து வரும் மற்ற வெளிச்சத்தோடு கலந்து வெளிறிவிடும். கறுப்புத் துணி மேல் ஜரிகை எப்படி எடுக்கிறது, வெள்ளை வேட்டியில் எப்படி அடங்குகிறது, அதே கதை.

செய்ய வேண்டியது: வெள்ளைக் கல்லை எடுத்துவிட்டு ஆற்று மணலோ கருங்கல் சிப்ஸோ போடுங்கள். மூன்று பக்கமும் கறுப்பு சார்ட் பேப்பர் ஒட்டுங்கள், பத்து இருபது ரூபாய் வேலை. மேலே ஆகாயத்தாமரை நாலு விடுங்கள், வெங்காயத்தாமரை வேண்டாம், அது தொட்டியை முழுங்கிவிடும். அப்புறம் பாதாம் இலை.

பாதாம் இலை என்றால் கடையில் பாக்கெட்டில் வருவதை வாங்கவேண்டிய ஊரா இது? பாண்டியில் தெருவுக்குத் தெரு பாதாம் மரம் நிற்கிறது, சிவந்து தானாக விழுந்த இலையைப் பொறுக்கி, கழுவி, நிழலில் மொறுமொறு என்று காய வைத்தால் போதும். பெயிண்ட் கடை, மெக்கானிக் ஷெட் பக்கத்து மரத்தைத் தவிர்த்துவிடுங்கள், கொசு மருந்துப் புகை அடித்த மறுநாளும் பொறுக்காதீர்கள். இருபது, இருபத்தைந்து லிட்டருக்கு நடுத்தர இலை ஒன்று. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் இளம் டீ நிறத்துக்கு வரும். நம் பக்கத்து போர் தண்ணீர் கடினமானது என்பதால் இலை போட்டு பி.எச். அப்படியே இறங்கிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம், நிறம் மாறும், பி.எச். கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கும். பஞ்சாக்ஸுக்கு அது பரவாயில்லை, லேசான உப்புத் தண்ணீரிலேயே வாழ்கிற ஜாதி.

எங்கள் பன்னிரண்டு மீனும் வெளுத்த மறுநாள் காலை அவற்றை மொட்டைமாடியில் இருந்த பழைய சிமென்ட் தொட்டிக்கு மாற்றினேன். உள்பக்கம் பாசி படிந்து கறுத்த தொட்டி, அடியில் மூன்று இலை. பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் குனிந்து பார்த்துவிட்டுச் சத்தமே போடாமல் போய் அம்மாவைக் கூட்டி வந்தான்.

ஒரு எச்சரிக்கை: காலையில் விளக்கைப் போட்ட உடனே பார்த்து வெளுத்திருக்கிறது என்று சொல்லாதீர்கள். ராத்திரி எல்லா மீனும் கொஞ்சம் வெளுத்துத்தான் தூங்கும். கால் மணி, அரை மணி பொறுங்கள்.

தண்ணீர் டிகாஷன் நிறம், மீன் கறுப்பாக, மங்கலாகத் தெரிகிறது

பாட்டில் சோதனையில் மீன் ஜொலிக்கிறது, தொட்டியில் மட்டும் மங்கல் என்றால் மீன் நன்றாக இருக்கிறது, உங்கள் கண்ணுக்குத்தான் வெளிச்சம் போய்ச் சேரவில்லை. இலைச் சாயம் முதலில் தின்பது புற ஊதாவையும் நீலத்தையும். மிஞ்சுவது மஞ்சளும் சிவப்பும். இந்தத் தண்ணீருக்கு மேலே போய் நீல எல்.இ.டி. பட்டையை மாட்டி வைத்தால்? விளக்கு கொடுப்பதைத் தண்ணீர் விழுங்கிவிடும், மீனுக்கு மிஞ்சுவது இருட்டு. சாயமே இல்லாத தொட்டியில்கூட நீல விளக்கின் கீழ் ஆரஞ்சும் சிவப்பும் காபிப்பொடி நிறமாகத்தான் தெரியும், ஏனென்றால் திருப்பி அனுப்புவதற்குச் சிவப்பு வெளிச்சமே அங்கே இல்லை. 6500 கெல்வின் அளவிலான சாதாரண வெள்ளை எல்.இ.டி. பல்பு போதும், வீட்டு ஹாலில் போடுவதுதான். அதை முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி, உள்நோக்கிச் சாய்த்து வையுங்கள்.

இந்த இடத்தில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு மீனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தண்ணீரின் தெளிவும் கில்லியின் நிறமும் பற்றி எனக்குத் தெரிந்ததிலேயே அழகான வேலை அதன்மேல் நடந்ததுதான். லூகேனியா கூடெய் என்று பெயர், புளூஃபின் கில்லி என்பார்கள். ஃபுளோரிடாவில் வக்குல்லா மாதிரி ஊற்றுகளில் தண்ணீர் பளிங்காக இருக்கும், புற ஊதா உள்ளே ஆழம்வரை போகும். அதே மாநிலத்தின் சதுப்புகளில் தண்ணீர் இலைச் சாயம் ஏறித் தேநீராக நிற்கும். இரண்டிலும் இந்த மீன் வாழ்கிறது. ஆண் மீனின் குதத்துடுப்பு சிலதில் நீலம், சிலதில் மஞ்சள், சிலதில் சிவப்பு. எங்கே எது அதிகம் இருக்கும் சொல்லுங்கள்? நீல வெளிச்சம் நிறைய இருக்கிற ஊற்றில்தான் நீலத் துடுப்பு அதிகம் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். ரெபெக்கா ஃபுல்லர் என்ற ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட ஆய்வு நேர் எதிராகச் சொல்கிறது: நீலத் துடுப்பு அதிகம் இருப்பது சதுப்பில், நீல வெளிச்சமே அரிதாக இருக்கிற இடத்தில்! பின்னணி முழுக்க மஞ்சளும் செம்பழுப்புமாக இருக்கும்போது நீலம்தான் எடுப்பாகத் தெரியும் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். எல்லோரும் பட்டுப்புடவை கட்டி வரும் கல்யாணத்தில் வெள்ளைச் சட்டைக்காரர் தனியாகத் தெரிவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு நிற்கவில்லை. ஃபுல்லரும் ஜோசஃப் டிராவிஸும் 2004இல் வெளியிட்ட அடுத்த வேலையில் குஞ்சுகளைத் தெளிந்த தண்ணீரிலும் தேயிலைச் சாயம் கலந்த தண்ணீரிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஆமாம், நிஜத் தேயிலைதான். நிறம் பாதி ரத்தத்தில் இருக்கிறது, பாதி தண்ணீரில் இருக்கிறது என்று தெரிந்தது. சதுப்பு வம்சத்துத் தகப்பனுக்குப் பிறந்த ஆண்களில், தேயிலைத் தண்ணீரில் வளர்ந்தவற்றில் நீலம் கூடுதலாக வந்தது. கண்ணும் அப்படியே: ஊற்று மீன்களின் கண்ணில் புற ஊதாவையும் ஊதாவையும் பார்க்கும் செல்கள் அதிகம், சதுப்பு மீன்களில் மஞ்சளையும் சிவப்பையும் பார்க்கும் செல்கள் அதிகம்.

இது நமக்கு எதற்கு? இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, குஞ்சிலிருந்து வளர்த்த தண்ணீருக்கும் வளர்ந்த பின் மாற்றிய தண்ணீருக்கும் விளைவு ஒன்றாக இருக்காது, வளர்ந்த மீனைப் பழுப்புத் தண்ணீரில் ஒரு வாரம் போட்டுவிட்டுத் துடுப்பு நீலமாகும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு, லூகேனியாவில் பார்த்ததை அப்படியே நம் பஞ்சாக்ஸுக்கோ, கார்ட்னெரி என்ற ஆப்பிரிக்கக் கில்லிக்கோ பொருத்தி, டீத்தூள் போட்டால் கலர் வரும் என்று கிளப்பிவிடாதீர்கள். தேயிலையில் காஃபீன் இருக்கிறது, சுவையூட்டிய தூளில் என்னென்னவோ இருக்கிறது. நமக்குப் பாதாம் இலை இருக்கும்போது எதற்கு அந்த வம்பு?

சாயம் பிடிக்கவில்லை, வீட்டில் திட்டுகிறார்கள் என்றால் ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு பை ஃபில்டரில் போடுங்கள், இரண்டு மூன்று நாளில் இழுத்துவிடும். ஆனால் ஒரே நாளில் இருட்டில் இருந்த மீனைப் பளீர் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் மிரண்டு மூலையில் ஒட்டிக்கொள்ளும், வெளுப்பும் சேர்ந்து வரும். விளக்கு நேரத்தைக் குறைத்துப் பழக்குங்கள்.

பால் மாதிரி வெள்ளைக் கலங்கல், மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு நிற்கிறது

இது அழகுப் பிரச்சினை இல்லை, இதை முதலில் கவனியுங்கள். புதுத் தொட்டி, அல்லது தீனி அதிகம், அல்லது ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று பிழிந்து கழுவிய புண்ணியவான் யாராவது வீட்டில் இருக்கிறார். நான்தான் அந்தப் புண்ணியவான், இரண்டு வருடம் முன்பு, அந்தத் தடவை நான்கு கார்ட்னெரி போனது. அம்மோனியா கிட் வாங்கிச் சோதியுங்கள். நம் தண்ணீர் பி.எச். உயர்ந்த தண்ணீர், பி.எச். உயர உயர அதே அளவு அம்மோனியாவில் விஷப் பங்கு கூடும், அதனால் வேறு ஊர்க்காரர் 'கொஞ்சம்தானே இருக்கிறது' என்று சொல்வதைக் கேட்காதீர்கள்.

தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள், ஒன்றும் ஆகாது. தினம் கால்பங்கு தண்ணீர், ஒரு நாள் வைத்து ஆறியதோ குளோரின் நீக்கி போட்டதோ, மாற்றுங்கள். மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்பினால் மறுபடி அதே பால்தான். பழைய தொட்டியில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைக் கடன் வாங்கி வைத்தால் ஆகிற நாள் பாதியாகக் குறையும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெளியும், தெளிந்தபின் நிறமும் தானாகத் திரும்பும். இந்த நேரத்தில் கலர் தீனி போடுவது எரிகிற அடுப்பில் எண்ணெய்.

பச்சைத் தண்ணீர்

மாடியில், சிமென்ட் தொட்டியில், சித்திரை வெயிலில் இது வராவிட்டால்தான் அதிசயம். மீன் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வலை போட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள், அனேகமாக ஹால் தொட்டி மீனைவிட நல்ல நிறத்தில் இருக்கும். அங்கே இயற்கை வெயில், கறுத்த சுவர், பாசியைத் தின்னும் சிறு பூச்சிகள், அவற்றைத் தின்னும் மீன் என்று சங்கிலி ஓடுகிறது. மீன் தன் மஞ்சள், சிவப்புக்கு வேண்டிய கரோட்டினாய்டு என்ற நிறமியை உடம்பில் தானே செய்துகொள்ள முடியாது, பாசியிலிருந்து பூச்சி வழியாகத்தான் வரவேண்டும்.

ஆபத்து வேறு இடத்தில். பகலில் பாசி ஆக்சிஜனைக் கொட்டும், ராத்திரி அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் தட்டுப்பாடு உச்சம். மற்ற மீன் என்றால் மேலே வந்து வாயைத் திறப்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம், பஞ்சாக்ஸ் எப்போதுமே மேலேதான் நிற்கும், அதனால் தெரியாது. செவுளைப் பாருங்கள், படபடவென்று அடித்தால் உடனே காற்று மோட்டாரைப் போடுங்கள். நிழல்வலையைப் பாதி மூடுங்கள், டாஃப்னியா என்ற நீர்ப்பூச்சி கிடைத்தால் ஒரு டம்ளர் விடுங்கள், பாசியை அது தின்னும், அதை மீன் தின்னும். முழுக்கத் தெளிய வைக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்பது என் கட்சி.

மழைக்குப் பின் கலங்கல், அல்லது போர் தண்ணீர் செம்மண் நிறமாக மாறுவது

ஐப்பசி, கார்த்திகையில் குழாயைத் திறந்தால் சில நாள் மண் வாசனையோடுதான் வரும். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்துக் கடலூரும் பாண்டியும் சின்னாபின்னமானபோது மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை, கிடைத்த தண்ணீரைத்தான் மீனுக்கும் ஊற்றினோம். வண்டல் கலங்கலால் கில்லியின் நிறம் போவதில்லை. கிழக்கு ஆப்பிரிக்காவின் நோத்தோபிராங்கியஸ் கில்லிகள் மழைக்காலத்தில் மட்டும் நிற்கும் கலங்கிய குட்டைகளில் பிறந்து, சில மாதங்களில் வளர்ந்து, முட்டையைச் சேற்றில் விட்டுவிட்டுச் சாகிறவை. அவற்றின் சிவப்பையும் நீலத்தையும் பார்த்தவர்கள் கலங்கல் நிறத்தைக் கெடுக்கும் என்று சொல்ல மாட்டார்கள். கலங்கலில் தூரத்தில் இருந்து ஒன்றும் தெரியாது, கிட்டே போனால்தான் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம். பெண் மீன் ஆணைத் தேர்ந்தெடுப்பதில் இது குழப்பம் செய்யும் என்பதை விக்டோரியா ஏரியின் சிக்லிட் மீன்களில் 1997இலேயே காட்டியிருக்கிறார்கள்: கலங்கிய இடங்களில் நிறத்தை வைத்து இனம் பிரிப்பது தடுமாறி, இனங்கள் கலந்துபோகின்றன. கில்லி வளர்ப்பில் இரண்டு ரகத்தை ஒரே கலங்கல் தொட்டியில் போடாதீர்கள் என்று இதற்கு அர்த்தம்.

எடுக்கும்போது தெளிவாக இருந்து, வாளியில் ஒரு ராத்திரி நின்றால் காவி நிறம் ஏறுகிறது என்றால் இரும்பு. காற்று பட்டதும் துருவாகிப் படிகிறது. ஏர் கல் போட்டு ராத்திரி முழுக்க ஓடவிட்டு, படிந்தபின் மேல்தண்ணீரை மட்டும் வேட்டித்துணியில் வடிகட்டி எடுங்கள். நேராகத் தொட்டியில் ஊற்றினால் அந்தத் துரு செவுளில் படியும், மீன் மங்கி, மூச்சு வாங்கும்.

படிகாரத்தைக் கட்டிச் சுற்றி விடலாமே என்று எல்லா வீட்டிலும் ஒரு பெரியவர் சொல்வார். குடத்துக்குச் சரி, மீன் தொட்டிக்கு வேண்டாம். அது தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுவிடும், பி.எச். திடீரென்று விழுந்தால் கரைந்த அலுமினியம் செவுளைப் பிடிக்கும். தேத்தாங்கொட்டை உரைத்து விடலாமா என்று கடலூர் முதுநகரில் இருக்கும் என் பெரியப்பா கேட்டார். பானையில் உரைத்து, தெளிந்ததை வடித்து எடுத்துக்கொள்ளுங்கள் பெரியப்பா, மீன் இருக்கிற தண்ணீரில் உரைக்க வேண்டாம் என்றேன். கோபம்தான். பொறுமையாக ஒரு நாள் அசையாமல் வைத்தால் பாதி தானாகத் தெளியும்.

தண்ணீர் நன்றாக இருக்கிறது, பாட்டிலிலும் மீன் மங்கல்

இப்போதுதான் மீனைச் சந்தேகிக்க வேண்டும். ராத்திரி எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சை மீனின் முதுகுப் பக்கமாகச் சாய்த்து அடித்துப் பாருங்கள். மஞ்சள்பொடி தூவினாற்போல மினுமினு என்று மிக நுண்ணிய தூசி தெரிகிறதா? வெல்வெட் நோய். கில்லிக்காரர்களின் ஜென்ம விரோதி, ஆரம்பத்தில் வெறும் நிறமங்கலாகத்தான் தெரியும், அப்புறம் உடம்பைக் கல்லில் உரசும், துடுப்பை மடக்கும், ஒரு வாரத்தில் தொட்டியே காலி. பளிங்குத் தண்ணீரில்தான் இது ஏமாற்றும், தண்ணீர் நன்றாக இருக்கிறதே என்று நாம் தேட மாட்டோம். அந்த ஒட்டுண்ணியிடம் பச்சையம் இருக்கிறது, வெளிச்சம் அதற்குத் துணை, அதனால் தொட்டியைப் போர்வை போட்டு மூடுங்கள். மரக்காணம் கல் உப்பு லிட்டருக்கு 1 முதல் 2 கிராம், ஒரே மூச்சில் கொட்டாமல் ஒரு நாளில் மூன்று தடவையாகக் கரைத்து ஊற்றுங்கள். கேட்கவில்லை என்றால் தாமிர மருந்து, தனித் தொட்டியில், லேபிளில் உள்ள அளவு மட்டும், நத்தை இருக்கிற தொட்டியில் வேண்டவே வேண்டாம். அந்த வலையை அடுத்த தொட்டிக்குள் நனைக்காதீர்கள்.

தூசி இல்லையா? சரி, தீனி. வெறும் மாத்திரைத் தீனியில் மாதக்கணக்காக வளர்ந்த மீனுக்கு மஞ்சளும் ஆரஞ்சும் வெளிறும். கொசுப்புழு, ஆர்டீமியா, சைக்ளாப்ஸ் மாதிரிச் சிற்றுயிர்களைக் கொடுங்கள். பஞ்சாக்ஸ் கொசுப்புழுவை ஒரு கை பார்க்கும். கொசு மாதிரி நோய் பரப்பும் பூச்சிகளின் ஆராய்ச்சிக்கென்று 1975இல் தொடங்கிய நிறுவனம் இருக்கிற பாண்டிக்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. இன்னொன்று, மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் சென்னாக்கூனி. உப்புப் போடாமல் காயவைத்ததா என்று கேட்டு வாங்கி, கழுவி, மறுபடி காயவைத்து, மிக்ஸியில் பொடித்து, சல்லடையில் சலித்து வாரம் மூன்று நாள் ஒரு சிட்டிகை. கூனியும் குட்டி இறால்தான், இறால் ஓட்டின் சிவப்பில் இருக்கும் அஸ்டாக்சாந்தின் என்ற நிறமிதான் கலர் தீனி டப்பாக்களின் பின்பக்கத்திலும் எழுதியிருப்பது. பலன் தெரிய மூன்று, நான்கு வாரம் ஆகும். மிக்ஸி ஜாரை நீங்களே கழுவி வைத்துவிடுங்கள்.

அப்புறம் சில பேருக்குக் குறையே இல்லாத இடத்தில் குறை தெரியும். பெண் மீன் ஆணைப்போல மினுங்காது, முதுகுத்துடுப்பின் அடியில் கறுப்புப் பொட்டு இருந்தால் பெரும்பாலும் அது பெண் பஞ்சாக்ஸ், அதற்கு எத்தனை கூனிப்பொடி போட்டாலும் அப்படியேதான் இருக்கும். ஒரே தொட்டியில் மூன்று ஆண் இருந்தால் பெரியவன் ஒருவன் ஜொலிப்பான், மற்ற இரண்டும் அடங்கி வெளுத்து நிற்கும், பிரித்து வைத்தால் இரண்டு நாளில் அவையும் எழும். கோல்டன் ஒண்டர் என்று கடையில் விற்பது கோடு பஞ்சாக்ஸின் கறுப்பு குறைந்த வளர்ப்பு ரகம், அதில் பச்சை மினுக்கைத் தேடாதீர்கள். நோத்தோ வாங்கி ஏழெட்டு மாதம் ஆகி மங்குகிறது என்றால் அதற்கு வயதாகிவிட்டது, தண்ணீரை மாற்றி என்ன செய்வது.

நிறமெல்லாம் வந்துவிட்டது, மீனைக் காணோம்

இதுவும் ஒரு அறிகுறிதான். நிறம் ஏறிய ஆண் துரத்தும், துரத்தப்பட்டது தாவும். தண்ணீர் விளிம்புவரை நிரம்பியிருந்தால், ஒயர் போகும் ஓட்டை இரண்டு விரல் அகலம் இருந்தால் போதும். மாடித் தொட்டியில் இப்போது பதினொன்றுதான் இருக்கிறது. பன்னிரண்டாவதைத் துளசிச் செடித் தொட்டி ஓரத்தில், எறும்பு மொய்த்த பிறகு, பையன்தான் கண்டுபிடித்தான். கொசுவலையை இரட்டையாக மடித்து, சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி விளிம்பில் மாட்டி இறுக்கிவிட்டோம்.